பழைய டிவி, போன், மிக்ஸியை எங்கே கொடுப்பது? இ-வேஸ்ட் சட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை பழைய மின்சாதனங்களைச் சேகரித்து, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கு அனுப்புகிறோம். மேஜை போட்டு உட்கார்ந்தால் பொருளோடு வருகிறவர்கள் பாதி, கேள்வியோடு வருகிறவர்கள் பாதி. ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். சட்ட விவரங்கள் இந்தியா முழுமைக்கும் பொருந்தும். உதாரணங்கள் பெரும்பாலும் சென்னையை ஒட்டியவை.

இ-வேஸ்ட்னா கம்ப்யூட்டர், போன்தானே? மிக்ஸி, ஃபேன் எல்லாம் அதுல வருமா?

வரும். பழைய விதிகளின் பட்டியலில் 21 பொருட்கள்தான் இருந்தன: கம்ப்யூட்டர், பிரின்டர், போன், டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி, பாதரச விளக்கு என்று. இப்போது நடைமுறையில் இருக்கும் 2022 விதிகளில் அது 106 ஆகிவிட்டது. மின்விசிறி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், மைக்ரோவேவ், ஹேர் டிரையர், துளையிடும் டிரில், பேட்டரியில் ஓடும் பொம்மை, மருத்துவக் கருவி, ஆய்வகக் கருவி எல்லாம் உள்ளே வந்துவிட்டன.

பிளக் உள்ளது, பேட்டரியில் ஓடுவது எதுவானாலும் இ-வேஸ்ட் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தப்பாது. சார்ஜர், இயர்போன், ரிமோட், செட்டாப் பாக்ஸ் ஆகியவற்றைத்தான் எல்லோரும் மறக்கிறோம். குப்பைக் கூடைக்கு முதலில் போவதும் அவைதான்.

குப்பையோட குப்பையா போட்டா என்ன ஆயிடும்? கார்ப்பரேஷன் வண்டிதான் எடுத்துட்டுப் போகுதே?

வண்டி எடுத்துக்கொண்டு போகும் இடம் கொடுங்கையூர் அல்லது பெருங்குடி மாதிரியான கிடங்கு. அங்கே சோறும் காய்கறித் தோலும் அழுகும்போது அமிலத்தன்மையுள்ள கழிவுநீர் ஊறுகிறது. சர்க்யூட் போர்டின் பற்றவைப்பில் உள்ள ஈயம், பழைய பேட்டரியில் உள்ள காட்மியம், டியூப்லைட்டில் உள்ள பாதரசம் எல்லாம் அந்த நீரில் கரைந்து மண்ணுக்குள் இறங்கும். பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மேலேயே இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று. இரண்டு கிடங்குகளிலும் பல ஆண்டுக் குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலை நடக்கிறது. சலித்தால் கிடைக்கும் மண்ணில் கன உலோகம் கலந்திருந்தால் அதை நிலத்துக்கு உரமாகப் போட முடியாது. இன்று நாம் போடுகிற ஒரு பழைய ரேடியோ, நாளைக்கு அந்த இடத்தை மீட்க வருகிறவர்களின் வேலையைக் கெடுக்கிறது.

இதுக்குன்னு சட்டம் இருக்கா? எப்ப வந்தது?

இருக்கிறது. முதல் விதிகள் 2011இல் அறிவிக்கப்பட்டு 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அடுத்தது 2016. இப்போது இருப்பது 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள். மூன்றுக்கும் தாய்ச் சட்டம் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம்.

மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான். பொருளை விற்று லாபம் பார்த்தவர், அது செத்த பிறகும் பொறுப்பேற்க வேண்டும். மாநகராட்சியின் தலையிலோ வாங்கியவர் தலையிலோ அதைக் கட்டிவிடக் கூடாது.

இபிஆர், இபிஆர்னு சொல்றீங்களே, அது என்ன? கம்பெனிக்காரன் என் பழைய ஃப்ரிட்ஜைத் தேடி வருவானா?

உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு என்பதைத்தான் சுருக்கி இபிஆர் என்கிறார்கள். உங்கள் ஃப்ரிட்ஜைத் தேடி யாரும் வர மாட்டார்கள். சட்டம் தனித்தனிப் பொருளைப் பார்ப்பதில்லை, எடையைப் பார்க்கிறது.

கணக்கு இப்படிப் போகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் சராசரி ஆயுள் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். போனுக்கு 5 ஆண்டு, ஃப்ரிட்ஜுக்கு 10 ஆண்டு. ஒரு கம்பெனி 2020-21இல் 1,000 டன் போன் விற்றிருந்தால் அவை 2025-26இல் கழிவாகும் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. அந்த ஆண்டுக்கான இலக்கு 70 சதவீதம். ஆகவே 700 டன்னுக்கு ஈடான மறுசுழற்சி நடந்ததற்கு அந்தக் கம்பெனி கணக்குக் காட்டியாக வேண்டும். 2023-24, 2024-25 இரண்டுக்கும் இலக்கு 60 சதவீதம். 2027-28 முதல் 80.

கணக்குக் காட்டணும்னா எப்படி? யார் பாக்கறாங்க?

சான்றிதழ் மூலமாக. மறுசுழற்சி நிறுவனம் கழிவை வாங்கி, உடைத்து, உருக்கி உலோகம் எடுக்கிறது. எடுத்த உலோகத்தின் அளவை வைத்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் அதற்குச் சான்றிதழ் உருவாகிறது. போனும் டிவியும் விற்கிற கம்பெனிகள் அந்தச் சான்றிதழை விலை கொடுத்து வாங்கித் தங்கள் இலக்கை ஈடுகட்டுகின்றன. முழுக்க ஒரு சந்தை.

இப்போதைக்குச் சான்றிதழ் கிடைப்பது தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகிய நான்கு உலோகங்களுக்குத்தான். இதை நினைவில் வையுங்கள், கீழே டிவி பற்றிய பதிலில் தேவைப்படும்.

காயலான் கடைக்காரர் கையில காசு குடுக்கறார். நீங்க சும்மா குடுக்கச் சொல்றீங்க. நான் ஏன் உங்ககிட்ட குடுக்கணும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட. ‘ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவிய காலத்திலிருந்தே பழைய சாமானுக்கு ஏதாவது திரும்பக் கிடைக்கும் என்பது நம் பழக்கம்.

காயலான் கடைக்காரர் கொடுக்கிற காசு இரும்புக்கும் செம்புக்கும்தான். வாஷிங் மெஷின், ஃபேன் மோட்டார் போன்றவற்றில் உலோகமே பெரும்பகுதி என்பதால் அவை அவர் கைக்குப் போனாலும் ஓரளவு ஒழுங்காகவே பிரிகின்றன. சிக்கல் மூன்றில் இருக்கிறது: சர்க்யூட் போர்டு, வயர், கேஸ் உள்ள ஃப்ரிட்ஜும் ஏசியும். வயரை உரிக்க நேரமில்லாதபோது எரிக்கிறார்கள். பிவிசி உறை எரியும்போது டையாக்சின் என்ற கொடிய நச்சு வருகிறது. உள்ளே இருக்கும் செம்பே அது உருவாவதை வேகப்படுத்துகிறது. போர்டுகள் கைமாறிக் கைமாறி வடக்கே மொராதாபாத், தில்லி சீலம்பூர் போன்ற இடங்களுக்குப் போகின்றன. அங்கே அடுப்பின் மேல் தகட்டை வைத்து, அதில் போர்டைப் போட்டு, ஈயப் பற்று இளகியதும் குறடால் ஒவ்வொரு சில்லாகப் பிடுங்குகிறார்கள். மிச்சம் அமிலத் தொட்டிக்குப் போகிறது. அமிலம் வாய்க்காலுக்கு.

ஃப்ரிட்ஜில் நடப்பது கண்ணுக்கே தெரியாது. கம்ப்ரஸரைக் கழற்ற செம்புக் குழாயை வெட்டினால் புஸ்ஸென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஆனால் ஆர்-134ஏ என்ற அந்த வாயு, கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைப்பது. பதிவு பெற்ற ஆலையில் முதலில் அந்த வாயுவை உறிஞ்சி சிலிண்டரில் அடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அதனால் நான் சொல்வது இது: இரும்புச் சாமானைக் கடைக்குக் கொடுத்தால் நான் சண்டைக்கு வர மாட்டேன். போர்டு உள்ளது, பேட்டரி உள்ளது, வாயு உள்ளது, கண்ணாடிக் குழாய் உள்ளது, இவற்றை மட்டும் கொடுக்காதீர்கள்.

அப்ப இந்தச் சட்டம் காயலான் கடைக்காரங்க பொழப்புல மண்ணைப் போடுதா?

போடக் கூடாது. நாட்டில் வீடு வீடாகப் போய்ச் சேகரிக்கிற திறமை அவர்களிடம்தான் இருக்கிறது. எந்தக் கம்பெனியும் மூன்றாவது மாடிக்கு ஏறி ஒரு பழைய மானிட்டரைத் தூக்கிக்கொண்டு இறங்காது. அவர் இறங்குவார்.

2022 விதிகளில் என் பெரிய மனக்குறை இங்கேதான். பதிவு பெற வேண்டியவர்கள் என்று நான்கு பேரைத்தான் அவை சொல்கின்றன: தயாரிப்பவர், தன் பிராண்டில் விற்பவர் அல்லது இறக்குமதி செய்பவர், சீரமைப்பவர், மறுசுழற்சி செய்பவர். 2016 விதிகளில் சேகரிப்பு மையத்துக்கும் பிரித்தெடுப்பவருக்கும் இடம் இருந்தது. இப்போது இல்லை. வீட்டு வாசலுக்கும் ஆலை வாசலுக்கும் நடுவில் உள்ள வழி முழுவதும் சட்டத்தின் பார்வைக்கு வெளியே போய்விட்டது. ஆலைக்குள் வந்த எடையைக் கணக்கெடுக்கிற சட்டம், வந்து சேராமல் வழியில் எரிந்த எடையைக் கணக்கெடுப்பதில்லை.

ஒரு பிடிமானம் உண்டு. பிரித்தெடுக்கும் தொழிலாளர்களை அடையாளம் கண்டு பதிவு செய்வது, குழுக்கள் அமைக்க உதவுவது, பயிற்சி தருவது, தொழிற்பேட்டைகளில் இதற்கென இடம் ஒதுக்குவது எல்லாம் மாநில அரசின் கடமை என்று அதே விதிகள் சொல்கின்றன. காயலான் கடைக்காரர் போர்டை உடைக்காமல் முழுசாக ஆலைக்குக் கொடுத்தால் அவருக்கு எரிப்பதைவிடக் கூடுதல் பணம் வர வேண்டும். அப்படி ஒரு ஏற்பாடு வந்தால் யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை.

கலைஞர் டிவி இன்னும் பரண்லயே இருக்கு. ஓடாது. அதை என்ன பண்றது?

தமிழ்நாட்டுக்கே உரிய கேள்வி. 2006 முதல் 2011 வரை அரசு இலவசமாக வழங்கிய 14 இன்ச் கலர் டிவிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். எல்லாமே பின்பக்கம் புடைத்த, கண்ணாடிக் குழாய் வைத்த சிஆர்டி டிவிகள். பல வீடுகளில் ஆகாத டிவியைக்கூடத் தூக்கிப் போட மனசு வராமல் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கண்ணாடிதான் பிரச்சினை. எக்ஸ்-கதிர் வெளியே வராமல் தடுக்க அதில் ஈயம் கலந்திருக்கும். டிவியின் அளவைப் பொறுத்து அரைக் கிலோவிலிருந்து சில கிலோ வரை. உடைக்கிறவர் செய்வதைப் பார்த்திருக்கிறேன்: பின்மூடியைக் கழற்றி, குழாயின் மெல்லிய கழுத்தில் சுத்தியலால் ஒரு தட்டு. காற்று உள்ளே பாயும். கழுத்தைச் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருளை உருவிக்கொள்வார். திரையை ஒட்டி ஓடும் இன்னொரு செம்புச் சுருளையும் எடுத்துக்கொள்வார். கண்ணாடி காலி மனையிலோ குப்பைத் தொட்டியிலோ கிடக்கும், திரையின் உள்பக்கத்து வெள்ளைப் பொடியோடு. பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில்.

மேலே சொன்ன நான்கு உலோகங்களை நினைத்துப் பாருங்கள். அதில் ஈயம் இல்லை. ஈயக் கண்ணாடியைக் கையாள்வது ஆலைக்கும் செலவு, சான்றிதழும் வராது. அதனால் பதிவு பெற்ற சில ஆலைகளே சிஆர்டி டிவி என்றால் தயங்குகின்றன. இந்த ஓட்டையைச் சட்டம் அடைக்க வேண்டும். அதுவரை, எடுப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொண்டு, உடைக்காமல் முழு டிவியாகக் கொடுங்கள். யாரும் எடுக்காவிட்டால் பரணிலேயே இருக்கட்டும். வீட்டில் உடையாமல் இருக்கும்வரை அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

போன் பேட்டரி உப்பிப் போயிருக்கு. அதையும் இதோட போட்டுடலாமா?

தனியாகக் கொடுங்கள். பேட்டரிக்கு 2022 ஆகஸ்டில் தனி விதிகள் வந்திருக்கின்றன. அவற்றின்படி கழிவு பேட்டரியை நிலத்தில் கொட்டுவதும் எரிப்பதும் கூடாது. பேட்டரி தயாரித்தவருக்கு இபிஆர் மாதிரியே பொறுப்பு உண்டு.

உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். முனைகளில் செல்லோடேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட டப்பாவில் வைத்துக் கொண்டுவாருங்கள். குப்பை வண்டியின் அழுத்தும் இயந்திரத்தில் இது சிக்கினால் வண்டியே பற்றிக்கொள்ளும். அதில் நிற்பவர் தூய்மைப் பணியாளர்.

போன்ல தங்கம் இருக்காமே? யூடியூப்ல ஆசிட் ஊத்தி எடுக்கறாங்க. நானே எடுக்கலாமா?

இருக்கிறது. பேட்டரி நீக்கிய பழைய போன் ஒரு டன் சேர்ந்தால் சுமார் 300 கிராம் தங்கம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு டன் தங்கத் தாதுவில் சில கிராம்தான் கிடைக்கும். டோக்கியோ ஒலிம்பிக்கின் பதக்கங்கள் எல்லாமே ஜப்பானியர்கள் கொடுத்த பழைய சாதனங்களிலிருந்து எடுத்த உலோகத்தில் செய்யப்பட்டவை. 62 லட்சம் போன்களும் ஏறத்தாழ 79,000 டன் சிறு சாதனங்களும் சேர்ந்து கிடைத்த தங்கம் 32 கிலோ.

அந்தக் கணக்கையே திருப்பிப் பாருங்கள். ஒரு போனில் குந்துமணி அளவுகூட இல்லை. அதற்காக நைட்ரிக் அமிலத்தைக் கொதிக்க வைத்தால் எழும் பழுப்புப் புகையை மூச்சில் இழுத்தவருக்கு உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். தயவுசெய்து செய்யாதீர்கள். பிள்ளைகள் அந்த வீடியோக்களைப் பார்க்கிறார்கள் என்றால் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

எல்லாம் சரி, போன்ல என் போட்டோ, பேங்க் மெசேஜ் எல்லாம் இருக்கே?

அலமாரியில் பழைய போன் தூங்குவதற்கு முக்கியக் காரணம் இந்தப் பயம்தான். ஓடுகிற போன் என்றால் கணக்குகளிலிருந்து வெளியேறிவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். சிம், மெமரி கார்டை எடுத்துவிடுங்கள். சமீப ஆண்டுகளின் போன்களில் தகவல் பூட்டப்பட்டே சேமிக்கப்படுவதால் ரீசெட் செய்த பிறகு மீட்பது மிகக் கடினம்.

ஓடாத கம்ப்யூட்டர் என்றால் ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். நிறுவனங்கள் தகவலை அழித்ததற்கான எழுத்துச் சான்றை ஆலையிடம் கேட்டு வாங்க வேண்டும்.

கடையில எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டா சரியான இடத்துக்குப் போயிடும்தானே?

உறுதியாகச் சொல்ல முடியாது. ஓடுகிற பொருள் பழைய சாமான் சந்தைக்குப் போகும். அது நல்லதுதான், இன்னும் சில ஆண்டு உழைக்கும். ஓடாததைப் பல கடைகள் தங்கள் வாடிக்கைக் காயலான்காரருக்கே தள்ளிவிடுகின்றன. “பழசு எங்கே போகிறது, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரின் பெயர் என்ன?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் மேலிடத்தைக் கேட்பார்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் புதுப் பொருள் விற்கிற கடை பழையதை இலவசமாகத் திரும்ப எடுக்க வேண்டும் என்பது சட்டம். பெரிய கடைகள் சின்னச் சாதனங்களை, நீங்கள் எதுவும் வாங்காவிட்டாலும், வாங்கிக்கொள்ள வேண்டும். நம் விதிகளில் கடைக்காரருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. இருக்க வேண்டும்.

நான் குப்பையில போட்டா எனக்கு அபராதம் உண்டா?

2022 விதிகள் சாதாரண வீட்டுக்காரர் மேல் தனிக் கடமை எதையும் வைக்கவில்லை. 2016 விதிகளில் இருந்தது, இப்போது எடுத்துவிட்டார்கள். குப்பையைப் பிரித்துக் கொடுக்காததற்கு உள்ளாட்சி விதிகளின் கீழ் அபராதம் போடலாம், அது வேறு. அபராதத்துக்குப் பயந்து யாரும் கொண்டுவர வேண்டிய நிலை இல்லை என்பதே உண்மை நிலவரம்.

எங்க ஆபீஸ்ல 300 கம்ப்யூட்டர்தான். ஏலம் விட்டுடறோம். எங்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா?

ஒரு நிதியாண்டில் ஏதாவது ஒரு சமயத்தில் பட்டியலில் உள்ள சாதனங்கள் 1,000 எண்ணிக்கை பயன்பாட்டில் இருந்தால் நீங்கள் மொத்த நுகர்வோர். 300 கம்ப்யூட்டர்தானே என்று நினைக்காதீர்கள். பட்டியலில் 106 பொருள் உண்டு என்று முதல் பதிலில் சொன்னேன். பிரின்டர், போன், ஃபேன், ஏசி, டியூப்லைட் எல்லாவற்றையும் எண்ணுங்கள். நடுத்தரக் கல்லூரியும் மருத்துவமனையும் சுலபமாக ஆயிரத்தைத் தாண்டிவிடும்.

மொத்த நுகர்வோர் தங்கள் கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர், சீரமைப்பாளர், மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். அதிக விலை கேட்ட யாருக்கும் ஏலத்தில் தள்ளிவிடுவது விதிமீறல். ஏல அறிவிப்பிலேயே பதிவு எண் உள்ளவர்கள் மட்டும் கலந்துகொள்ளலாம் என்று போட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

ரிப்பேர் பண்ணி ஓட்டறது சட்டத்துல கணக்குல வருமா?

வரும். பதிவு பெற்ற சீரமைப்பாளர் ஒரு பொருளைச் சரிசெய்து ஆயுளைக் கூட்டினால் அதற்கும் சான்று உண்டு. கம்பெனி அதைக் காட்டினால் அந்த எடைக்கான மறுசுழற்சிக் கடமை தள்ளிப்போகும். நீட்டித்த ஆயுள் முடிந்த பிறகும் அதில் 75 சதவீதத்தைத்தான் கணக்கில் சேர்ப்பார்கள். சீரமைப்பை ஊக்குவிக்கச் செய்த நல்ல ஏற்பாடு.

ஆனால் சென்னை ரிச்சி தெருவில் ஒரு மேஜையும் சால்டரிங் அயர்னும் வைத்து, செத்த லேப்டாப்புக்கு உயிர் கொடுக்கிற கைகள் இந்தப் பதிவுக்குள் எங்கேயும் இல்லை. உதிரிப் பாகமும் சர்க்யூட் வரைபடமும் அவர்களுக்குக் கிடைத்தால் குப்பைக்குப் போகும் அளவு குறையும். மத்திய நுகர்வோர் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் தொடங்கியது. கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டமாக அது வளர வேண்டும்.

கம்பெனி பேப்பர்ல கணக்கு காட்டிட்டுப் போயிட்டா? போலி சர்டிபிகேட் வராதா?

வரக்கூடும். பிளாஸ்டிக் கழிவில் இதே மாதிரியான சான்றிதழ் முறையில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை 2023இல் மத்திய வாரியம் கண்டுபிடித்தது. ஆலைக்கு இருக்கும் திறனைவிட அதிகமாகச் சான்றிதழ் போட்டால் இணையதளமே காட்டிக்கொடுக்க வேண்டும். வாங்கிய கழிவு, கட்டிய மின் கட்டணம், விற்ற உலோகம் மூன்றையும் ஒத்துப் பார்த்தால் பொய் நிற்காது. அதற்கு நேரில் போய்த் தணிக்கை செய்ய ஆள் வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களில் காலியிடங்களை நிரப்பாமல் இது நடக்காது.

இலக்கைத் தவறவிட்ட கம்பெனி சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். கட்டிவிட்டால் கடமை தீர்ந்துவிடாது, மூன்று ஆண்டு வரை தொடரும். ஓராண்டுக்குள் இலக்கை முடித்தால் கட்டியதில் 85 சதவீதம் திரும்பக் கிடைக்கும். இரண்டு ஆண்டானால் 60, மூன்றானால் 30. இன்னொரு பக்கம், 2024 ஏப்ரல் முதல் தாய்ச் சட்டத்தில் சிறைத் தண்டனைக்குப் பதில் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் என்று மாற்றிவிட்டார்கள். கோடிகளில் புரள்கிற கம்பெனிக்கு 15 லட்சம் எம்மாத்திரம்?

இதனால பொருள் விலை ஏறுமா? 22 ரூபாய் சண்டைன்னு பேப்பர்ல வந்ததே?

சான்றிதழ் விலை அடிமட்டத்துக்கு இறங்கினால் ஒழுங்காக மறுசுழற்சி செய்கிற ஆலை நஷ்டப்படும், ஏமாற்றுகிற ஆலை பிழைக்கும். அதனால் 2024இல் குறைந்தபட்ச விலை நிர்ணயித்தார்கள். வீட்டுச் சாதனங்களுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய், ஸ்மார்ட்போனுக்கு 34. இதை எதிர்த்து டைக்கின், சாம்சங், எல்ஜி உள்ளிட்ட கம்பெனிகள் தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போயின. செலவு பல மடங்கு கூடுகிறது, தனியார் பேசி முடிக்கிற விலையில் அரசு தலையிடக் கூடாது என்பது அவர்கள் வாதம்.

40 கிலோ ஃப்ரிட்ஜுக்குத் தோராயமாக 880 ரூபாய் வருகிறது. பத்து ஆண்டு ஓடுகிற பொருளுக்கு ஆண்டுக்கு 88 ரூபாய். அது விலையில் ஏறினாலும் நான் கொடுக்கத் தயார். அந்தப் பணம் கட்டப்படாவிட்டால் மொராதாபாத்தில் அடுப்பின் முன் உட்கார்ந்திருப்பவர் தன் நுரையீரலால் கட்டுகிறார்.

வெளிநாட்டுக் குப்பையும் இங்கதான் வருதாமே?

இந்தியாவில் கொட்டுவதற்காக மின்னணுக் கழிவை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. ஆனால் ‘பயன்படுத்திய சாதனம்’ என்றும் ‘கலப்பு உலோகத் துண்டு’ என்றும் பெயர் போட்டு வந்த கண்டெய்னர்கள் சென்னை உட்படப் பல துறைமுகங்களில் பிடிபட்டிருக்கின்றன. ஆபத்தான கழிவுகளின் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையை, கானாவும் சுவிட்சர்லாந்தும் முன்மொழிந்தபடி திருத்தியிருக்கிறார்கள். 2025 ஜனவரி 1 முதல், ஆபத்தில்லாதது என்று சொல்லப்படும் இ-வேஸ்ட்டைக்கூட, பெறும் நாட்டின் முன் அனுமதி இல்லாமல் அனுப்ப முடியாது. பெயரை மாற்றித் தப்பிக்கிற வழி இதனால் குறுகும்.

மொத்தம் எவ்வளவு சேருது? ஒருத்தர் 16 லட்சம் டன்றார், ஒருத்தர் 41 லட்சம்றார்?

இரண்டும் வெவ்வேறு கணக்கு. 2021-22இல் 16 லட்சம் டன் என்பது மத்திய வாரியத்தின் கணக்கு. அப்போதைய பட்டியலின் 21 பொருட்களை மட்டும் வைத்துப் போட்டது. அதில் முறையாகக் கையாளப்பட்டது சுமார் 5.27 லட்சம் டன். 41 லட்சம் என்பது 2022ஆம் ஆண்டுக்கு ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொன்னது, எல்லா வகைச் சாதனங்களையும் சேர்த்து. அதே அறிக்கைப்படி உலகம் முழுவதும் 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனதற்குப் பதிவு உள்ளது 22.3 சதவீதம் மட்டுமே.

வீட்டு மாடியில சோலார் போட்டிருக்கேன். அதுவும் பின்னாடி இ-வேஸ்ட்தானா?

ஆமாம், 2022 விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் தயாரிப்பாளர்கள் 2034-35 வரை கழிவுப் பேனல்களைப் பாதுகாப்பாகச் சேமித்து வைத்தால் போதும், மறுசுழற்சி இலக்கு இல்லை. காற்றாலையும் சூரிய மின்சாரமும் இவ்வளவு உள்ள தமிழ்நாடு அதற்குள் தயாராக வேண்டும்.

ஆலை உண்மையானதுதானான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? மிச்சம் எங்க போகுது?

மத்திய வாரியத்தின் இ-வேஸ்ட் இணையதளத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் பட்டியல் மாநில வாரியாக இருக்கிறது. பெயர் அதில் இருக்க வேண்டும். ஆலையை நடத்த மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணை நடப்பில் இருக்க வேண்டும். பொருளை எடுத்துப்போகும்போது எடை போட்டு ரசீது தர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் கொடுக்காதீர்கள்.

உருக்கிய பிறகும் ஒன்றுக்கும் ஆகாத சாம்பல், கசடு, சிலவகைப் பிளாஸ்டிக் மிஞ்சும். அவை ஊர்க் குப்பைமேட்டுக்குப் போகக் கூடாது. ஆபத்தான கழிவுக்கென அடித்தளம் போட்டுக் கட்டிய கும்மிடிப்பூண்டி மையம் போன்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். ஆலைக்காரரிடம் அந்த ரசீதையும் கேட்கலாம்.

நீங்க சிட்டியில சொல்றீங்க. எங்க ஊர்ல குடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே?

உண்மைதான். ஒவ்வொரு வீடாகச் செய்ய முடியாது, சேர்ந்து செய்யலாம். பள்ளியிலோ நூலகத்திலோ ஒரு டிரம் வைத்துச் சேருங்கள். கணிசமான எடை சேர்ந்தால் பட்டியலில் உள்ள ஆலைகள் வண்டி அனுப்பத் தயாராக இருக்கும். பேட்டரியைத் தனி டப்பாவில் வைக்க மறக்க வேண்டாம், மேலே சொன்னபடி.

பெரிய பொருளென்றால் கம்பெனியின் டோல்ஃப்ரீ எண்ணுக்குப் பேசுங்கள். 2016 விதிகளின்போது அந்த எண்ணைக் கையேட்டிலும் இணையதளத்திலும் போட வேண்டும் என்று கட்டாயம் இருந்தது. பெரிய கம்பெனிகள் பல இன்றும் வைத்திருக்கின்றன. கோரிக்கை எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள். எடுக்க வராவிட்டால் அவற்றைக் குறிப்பிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். ஒரு நகலைக் கம்பெனிக்கும் அனுப்புங்கள்.